பிக்கப்பின் பின் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர் பெட்டி: முதல் அளவிலிருந்து கடைசித் திருகு வரை

பிக்கப் வண்டியில் டிக்கி கிடையாது. பின்னால் இருக்கும் தொட்டி வெட்டவெளி. கேபினுக்குள் சப்வூஃபர் (பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வைக்க மிஞ்சுவது பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் தட்டையான, கோணல்மாணலான இடம் மட்டும்தான். உயரம் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. நடுவில் மேடு, பின்னால் சரிவு, ஓரத்தில் ஜாக்கி, ஆங்காங்கே போல்ட்டுகள். அந்த இடத்துக்குள் நன்றாக ஒலிக்கும் ஒரு பெட்டியைச் செய்ய முடியும். ஆனால் வரிசை தப்பினால் மரமும் பணமும் வீண்.

நான் இதில் இறங்கியபோது தகவல் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பெட்டி செய்யச் சொல்லிக்கொடுப்பவர் வயரிங் பக்கமே போகமாட்டார். வயரிங் சொல்பவர், ஆள் உட்கார்ந்தால் சீட் எவ்வளவு இறங்கும் என்பதைப் பற்றி மூச்சு விடமாட்டார். அதனால்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை வாங்கிவிட்டு இடம் தேடக் கூடாது. இடத்தை அளந்து, கொள்ளளவைக் கணக்கிட்டு, அதற்குப் பொருந்தும் ஸ்பீக்கரைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஆழமான 12 அங்குல ஸ்பீக்கரை எடுத்து வந்துவிட்டால், அதற்குச் சீட்டை உயர்த்துவதைத் தவிர வேறு வழி இருக்காது. சீட்டை உயர்த்தினால் பெல்ட்டின் கோணம் மாறும். அந்த வேலைக்குப் போகவே போகாதீர்கள்.

1. முதலில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

வண்டியின் உரிமையாளர் கையேடு முதலில். ஜாக்கியும் கருவிகளும் எங்கே இருக்கின்றன, பின் சீட்டை எப்படித் தூக்குவது, குழந்தை இருக்கையின் கொக்கிகள் எங்கே, பேட்டரியைக் கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்ற நான்கையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பீக்கரின் விவரத்தாள். இரண்டு மூன்று மாடல்களின் தாள்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம், படித்தால் போதும். பொருத்தும் ஆழம், வெட்ட வேண்டிய வட்டத்தின் விட்டம், ஸ்பீக்கரே பெட்டிக்குள் அடைத்துக்கொள்ளும் கொள்ளளவு, ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தாங்கும் சக்தி), பரிந்துரைக்கப்பட்ட பெட்டி அளவு ஆகியவை அதில் இருக்கும். கூடவே எஃப்எஸ் (ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண்), க்யூடிஎஸ் (அதன் அதிர்வு எவ்வளவு கட்டுப்படும் என்பதைக் காட்டும் எண்), விஏஎஸ் (அதன் தொங்கலின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில்) என்று மூன்று எண்களும் இருக்கும். இந்த மூன்றையும் வெளியிடாத ஸ்பீக்கரை நான் வாங்கமாட்டேன். கணக்குப் போட வழியில்லாமல் குருட்டாம்போக்கில் பெட்டி செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயர்) தாள். எத்தனை ஓம் வரை இறங்கினால் தாங்கும், அதில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது, நீளம் அகலம் என்ன என்பது தெரிந்தால் போதும்.

வண்டி வாரண்டியில் இருந்தால், மின்சார வேலை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். காப்பீட்டுப் பாலிசியில் மாற்றங்களைத் தெரிவிக்கச் சொல்லியிருந்தால் தெரிவித்துவிடுங்கள். பில்களையும், வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் ஒரே இடத்தில் வையுங்கள். திருட்டு போனாலும் வண்டியை விற்றாலும் அவை உதவும்.

2. செலவும் நேரமும்

பெட்டிக்கான மரம் இந்தச் செலவில் சின்னப் பங்குதான். ஒரு சாதாரணப் பெட்டிக்கு 8க்கு 4 அடிப் பலகையில் பாதி போதும். பெரிய செலவு ஸ்பீக்கரும் ஆம்ப்பும். பட்ஜெட்டில் எல்லோரும் மறப்பது அதற்கடுத்த அடுக்கை: பவர் கேபிள், ஃபியூஸ் ஹோல்டர், ஆர்சிஏ வயர் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்கு ஒலி போகும் வயர்), டெர்மினல்கள், பசை, கார்பெட், நட்டும் போல்ட்டும், புது ரம்பப் பிளேடு. மொத்தப் பணத்தில் கால் பங்கை இவற்றுக்கே ஒதுக்கி வையுங்கள். பணம் போதாவிட்டால் ஆம்ப்பின் வாட்டைக் குறையுங்கள், கேபிளைக் குறைக்காதீர்கள்.

நேரம் என்று பார்த்தால், மரப்பெட்டிக்கு இரண்டு வார இறுதிகள் வேண்டும். முதல் வாரம் அளவு, அட்டை மாதிரி, வெட்டுதல், ஒட்டுதல். நடுவில் இருக்கும் நாட்களில் பசையும் சீலன்ட்டும் நன்றாகக் காயும். அடுத்த வாரம் கார்பெட், பொருத்துதல், வயரிங். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் பசை காயாத பெட்டியைத்தான் வண்டிக்குள் ஏற்றுகிறார்கள்.

உங்கள் மாடலுக்கென்றே தயாரான பெட்டி சந்தையில் இருந்தால் அதன் விலையையும் பாருங்கள். கருவிகள் ஏதும் கையில் இல்லாதவருக்குச் சில சமயம் அதுவே லாபம். இடத்தைக் கடைசி சென்டிமீட்டர் வரை பயன்படுத்த நினைப்பவருக்குத்தான் சொந்தப் பெட்டி.

3. சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் இழுப்பான் சம்பந்தப்பட்டது. அதை அவிழ்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், பெட்டியை அதன்மேல் சாய்க்காதீர்கள்.

அப்புறம் எதையெல்லாம் மறைக்கக் கூடாது என்று பட்டியல் போடுங்கள். பெல்ட் பக்கிள் தண்டு, குழந்தை இருக்கைக் கொக்கிகள், சீட்டின் கீல், தாழ்ப்பாள், ஏசி காற்று வரும் குழாய் வாய் எல்லாம் அதில் வர வேண்டும். ஹைப்ரிட் வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பின் சீட்டுக்கு அருகில் இருப்பதுண்டு. அதை அடைத்தால் பேட்டரி சூடாகும்.

ஜாக்கிக்கு இப்போதே வேறு இடம் பாருங்கள். அதை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வண்டி ஓட்டுவது சரியல்ல. மாற்றி வைக்கும் இடத்திலும் உருளாதபடி கட்டி வைக்க வேண்டும்.

4. அளவெடுத்தல்

முழு வேலையின் தலையெழுத்தும் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

சீட் காலியாக இருக்கும்போது அடியில் தெரியும் உயரம் உண்மையான உயரம் அல்ல. ஆள் உட்கார்ந்தால் ஸ்பாஞ்சும் ஸ்பிரிங்கும் கீழே இறங்கும். எத்தனை சென்டிமீட்டர் என்பது வண்டிக்கு வண்டி, ஆளுக்கு ஆள் மாறும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அலுமினியத் தாளைத் தளர்வாகக் கசக்கி எலுமிச்சை அளவு உருண்டைகளாக்குங்கள். சீட்டுக்கு அடியில் நீங்கள் நினைத்திருக்கும் பெட்டி உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் நான்கைந்து இடங்களில் உருண்டைகளை வையுங்கள். சீட்டை இறக்கி, வீட்டில் எடை அதிகமான ஆளை உட்காரச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்தால் போதாது, மேடு பள்ளத்தில் வண்டி குலுங்குவதுபோல இரண்டு முறை தொப்பென்று உட்கார வேண்டும். பிறகு சீட்டைத் தூக்கி நசுங்கிய உருண்டைகளின் தடிமனை அளங்கள். அடுக்கின் உயரத்தோடு அதைச் சேர்த்தால் அந்த இடத்தின் உண்மையான உயரம் கிடைக்கும். ஓரத்தில் தடிமனாக நிற்கும் உருண்டை நடுவில் தகடுபோல ஆகியிருக்கும். சீட்டின் இரும்புச் சட்டம் எங்கே தாழ்ந்து வருகிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். கிடைத்த உயரத்திலிருந்து இன்னும் 1 செ.மீ. கழித்து எழுதிக்கொள்ளுங்கள்.

அகலத்தைத் தரைமட்டத்தில் ஒருமுறை, மேல்மட்டத்தில் ஒருமுறை எடுங்கள். ஆழத்தை இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் எடுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கும் வண்டி அபூர்வம். நடுவில் மேடு இருந்தால் அதன் உயரமும் அகலமும் தனியாகக் குறிக்க வேண்டும்.

அளவு கையில் வந்ததும் மரத்துக்குப் போகாதீர்கள். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, டேப் ஒட்டி, முழு அளவில் ஒரு மாதிரிப் பெட்டி செய்யுங்கள். அதை வண்டிக்குள் வைத்துச் சீட்டை இறக்கித் தாழ்ப்பாள் விழுகிறதா, பக்கிள் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். முன் சீட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளியும் பாருங்கள். இன்னொன்று, அந்த அட்டைப் பெட்டியைக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோயே ஆக வேண்டும், உள்ளே வைத்து ஒட்டக் கூடாது. 120 செ.மீ. நீளப் பெட்டி சீட்டுக்கு அடியில் அழகாகப் பொருந்தும், ஆனால் கதவுத் தூணுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். அட்டை வளைந்து கொடுத்துத்தான் உள்ளே போனது என்றால் மரம் போகாது. அப்படிப்பட்ட வண்டியில் இடது, வலது என்று இரண்டு தனிப் பெட்டிகளாகச் செய்துவிடுங்கள்.

5. கொள்ளளவுக் கணக்கு

சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டிதான் என் தேர்வு. துளைக்குழாய் வைத்த பெட்டி அதிகச் சத்தம் தரும், ஆனால் அதற்கு இடமும் வேண்டும், நீளமான குழாயும் வேண்டும். இந்த உயரத்தில் இரண்டுக்கும் வழி குறைவு. மூடிய பெட்டியில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஒலி கெட்டுப்போகாது. புதிதாகச் செய்பவருக்கு அது பெரிய நிம்மதி.

ஓர் உதாரணம் போடுவோம். வெளி அகலம் 120 செ.மீ., உயரம் 15, ஆழம் கீழே 36, மேலே 28. பின்பக்கம் சரிவு. சராசரி ஆழம் 32. வெளி அளவில் பெருக்கினால் 120 × 15 × 32, அதாவது 57,600 கன செ.மீ. ஆயிரத்தால் வகுத்தால் 57.6 லிட்டர்.

இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஸ்பீக்கர் வாங்குபவர்கள் நிறையப் பேர். பலகையின் தடிமனைக் கழியுங்கள். 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை ரெசினோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் உள் அகலம் 116.4, உள் உயரம் 11.4, உள் ஆழம் சராசரியாக 28.2 செ.மீ. பெருக்கினால் சுமார் 37 லிட்டர்தான். வெளி அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரமே விழுங்கிவிட்டது. தட்டையான பெட்டியில் இப்படித்தான் ஆகும், உயரம் குறையக் குறைய இழப்பு ஏறும்.

இதையே 12 மி.மீ. பலகையில் செய்தால் சுமார் 43.5 லிட்டர் கிடைக்கும். ஆறு லிட்டருக்கு மேல் லாபம். ஆனால் 12 மி.மீ. பலகை நீளவாக்கில் அதிரும், அதனால் உள்ளே 25 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கட்டை வேண்டும். ஸ்பீக்கர் பொருத்தும் பலகையை மட்டும் 18 மி.மீ.யாகவே வையுங்கள், அப்போது லாபம் சுமார் நான்கு லிட்டர்.

18 மி.மீ. கணக்கையே தொடர்வோம். இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைப்பதாக இருந்தால் நடுவில் ஒரு தடுப்புப் பலகை போட்டு இரண்டு அறையாக்குங்கள். ஒரு ஸ்பீக்கர் பழுதானாலும் மற்றதைப் பாதிக்காது, பெட்டியும் விறைப்பாகும். தடுப்புக்கு 0.6 லிட்டர் போனால் ஓர் அறைக்கு 18.4. ஸ்பீக்கர் அடைக்கும் இடம் ஒரு லிட்டர், உள் கட்டைகளுக்குக் கொஞ்சம் என்று கழித்தால் ஓர் அறைக்கு நிகரமாக 17 லிட்டர்.

இனி விவரத்தாளில் குறித்து வைத்த மூன்று எண்கள். விஏஎஸ்ஸை நிகரக் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அதை க்யூடிஎஸ்ஸால் பெருக்கினால் பெட்டிக்குள் ஸ்பீக்கர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான எண் வரும். 0.7க்கு அருகில் வந்தால் சீரான, இறுக்கமான பேஸ். 0.9 வரை பரவாயில்லை, கொஞ்சம் உருட்டலாக ஒலிக்கும். 1ஐத் தாண்டினால் ஒரே சுருதியில் முழங்கும் ‘டும் டும்’ பேஸ், அந்த ஸ்பீக்கர் உங்கள் பெட்டிக்கு வேண்டாம். உதாரணமாக க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 20 லிட்டர் என்றால் 17 லிட்டர் அறையில் 0.74 வரும். அருமையான பொருத்தம். அதே வர்க்கமூலத்தால் எஃப்எஸ்ஸைப் பெருக்குங்கள். எஃப்எஸ் 32 என்றால் 47 ஹெர்ட்ஸ் வரும், அதற்குக் கீழே ஒலி படிப்படியாக இறங்கும். ஆனால் மூடிய கேபின் தாழ்ந்த அதிர்வெண்களைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும் என்பதால் 47ஐப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

கொள்ளளவு கொஞ்சம் குறைகிறதா? தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். பெட்டி சற்றுப் பெரிதானதுபோல ஒலிக்கும். பாதி அளவில் செய்த பெட்டியைப் பஞ்சு காப்பாற்றாது.

6. மேல் நோக்கியா, கீழ் நோக்கியா

ஸ்பீக்கரின் முகம் மேலே பார்த்தால் சீட் இறங்கும்போது கோனில் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பில்) இடிக்கும் ஆபத்து உண்டு. தரையைப் பார்த்து வைப்பதே இங்கே பாதுகாப்பு. பேஸ் எந்தத் திசையில் கிளம்பினாலும் கேபின் முழுக்கப் பரவிவிடும், அதனால் கேட்பதில் குறை இல்லை. கீழ்நோக்கி வைத்தால் கோன் தொங்கிப்போகும் என்று பயமுறுத்துவார்கள். 32 ஹெர்ட்ஸ் எஃப்எஸ் உள்ள கோன் தன் எடையால் இறங்குவது கால் மில்லிமீட்டர்தான். 10 மி.மீ. அசையக்கூடிய கோனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பெட்டியின் அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். ஸ்பீக்கரின் விளிம்பும் ரப்பரும் பலகையிலிருந்து சுமார் 2 செ.மீ. வெளியே நிற்கும், கோன் அசைய இன்னும் ஒன்று, கார்பெட்டுக்கும் பத்திரத்துக்கும் ஒன்று. ஆக 4 செ.மீ. வையுங்கள். அப்படியானால் 15 செ.மீ. பெட்டிக்கு 19 செ.மீ. உயரம் வேண்டும், ஆள் உட்கார்ந்த நிலையில். அது இல்லையென்றால் பெட்டியின் உயரம்தான் குறைய வேண்டும், இடைவெளி அல்ல.

பொருத்தும் ஆழம் பலகையின் வெளிமுகத்திலிருந்து அளக்கப்படுவது. 15 செ.மீ. பெட்டியில் எதிர்ப்பலகை வரை 13.2 செ.மீ. கிடைக்கும். ஸ்பீக்கரின் ஆழம் 8.5 என்றால் காந்தத்துக்குப் பின்னால் தாராளமாக இடம் இருக்கிறது. காந்தத்தின் முதுகில் காற்றுத்துளை உள்ள மாடலுக்குக் குறைந்தது 2 செ.மீ. விடுங்கள்.

இந்தக் கட்டம் முடிந்த பிறகு ஸ்பீக்கரை வாங்குங்கள்.

7. வெட்டுதல், ஒட்டுதல்

வெட்டுப் பட்டியலை எழுதி, பலகை விற்கும் இடத்திலேயே பேனல் ரம்பத்தில் வெட்டித் தரச் சொல்வது நல்லது. கையால் வெட்டிய 120 செ.மீ. கோட்டில் ஒரு மி.மீ. அலைந்தாலும் மூட்டில் காற்று கசியும். ஒரு பொறி இங்கே காத்திருக்கிறது: சரிந்த பின்பலகையின் அகலம் பெட்டியின் உயரமான 15 செ.மீ. அல்ல. மேலுக்கும் கீழுக்கும் 8 செ.மீ. வித்தியாசம் என்பதால் சரிவு 17 செ.மீ. வரும், ரம்பத்தை 28 டிகிரி சாய்த்து அதன் இரு விளிம்புகளையும் வெட்ட வேண்டும். பட்டியலோடு பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் ஒரு தாளில் வரைந்து கொடுத்துவிடுங்கள். வாயால் விளக்கினால் புரியாது.

எம்டிஎஃப் தூள் மிக நுண்மையானது, பலகையைப் பிணைக்கும் ரெசினும் அதில் கலந்திருக்கும். திறந்த இடத்தில், நல்ல மாஸ்க் போட்டு வெட்டுங்கள்.

ஒட்டும்போது மூட்டின் இரு முகத்திலும் மரப்பசை தடவி, கிளாம்ப்பில் இறுக்கி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். எம்டிஎஃப்பின் விளிம்பில் நேராகத் திருகு இறக்கினால் பலகை இரண்டு தகடாகப் பிளந்துகொள்ளும். ஒவ்வொரு திருகுக்கும் முன்கூட்டியே சிறு துளை போடுங்கள், மூலையிலிருந்து 4 செ.மீ. தள்ளிப் போடுங்கள். பசை பிதுங்கி வருவது நல்ல அறிகுறி. உள்பக்கம் பிதுங்கியதைத் துடைக்காமல் விரலால் மூட்டின் நெடுகத் தேய்த்துவிடுங்கள், அதுவே முதல் அடைப்பு. ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள்.

மேல்பலகையை மூடுவதற்கு முன் எல்லா உள்மூட்டிலும் சீலன்ட் ஓட்டுங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் என்றால் வாசனை அடங்கும்வரை, குறைந்தது ஒரு நாள், ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டாம். அந்த ஆவி ஸ்பீக்கரின் பசைகளுக்கு ஆகாது.

தரையின் வடிவம் ரொம்பவே கரடுமுரடாக இருந்தால் அடிப்பாகத்தை மட்டும் ஃபைபர் கிளாஸில் வார்க்கலாம். தரையை டேப்பாலும் அலுமினியத் தாளாலும் மூடி, அதன்மேல் கண்ணாடியிழை விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டு 6 மி.மீ. வரை கனமாக்க வேண்டும். ரெசின் ஆவிக்குத் தூசி மாஸ்க் போதாது, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். அழுக்கும் நாற்றமும் அதிகம் உள்ள வேலை இது. முதல் பெட்டிக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

8. துளை, கசிவுச் சோதனை, கார்பெட்

வட்டத்தின் விட்டத்தை விவரத்தாளிலிருந்து எடுங்கள், ஸ்பீக்கரின் வெளி விளிம்பை வைத்துக் கோடு போடாதீர்கள். ஜிக்சாவில் கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துங்கள். கீழ்நோக்கித் தொங்கும் ஸ்பீக்கரை மரத்திருகை நம்பி விடக் கூடாது. பலகையின் உள்பக்கம் டீ-நட் (பற்களால் மரத்தில் பதியும் நட்டு) அடித்து, போல்ட்டால் இறுக்குங்கள். விளிம்புக்கு அடியில் ஃபோம் டேப் ஒரு சுற்று.

வயரைத் தற்காலிகமாக மாட்டி, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, கையை ஈரமாக்கி மூட்டுகளுக்கு அருகே மெதுவாக நகர்த்துங்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் சில்லென்று காற்று துடிக்கும். வயர் மாட்டும் முனைகள் உள்ள டெர்மினல் கப்பைச் சுற்றித்தான் பெரும்பாலும் கசியும். எல்லாம் சரி என்ற பிறகு கார்பெட் ஒட்டுங்கள்.

9. வண்டியில் இறுக்குதல்

இரண்டு 10 அங்குலப் பெட்டி 25 கிலோவைத் தொடும். மோதல் நடந்தால் அது சும்மா கிடக்காது. சீட்டின் கனமே பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஜாக்கியைப் பிடித்திருந்த துளைகள் போலத் தொழிற்சாலையிலேயே திரெட் போட்ட இடங்களில் எல்-பிராக்கெட் வைத்து இறுக்குங்கள். சீட்டையும் பெல்ட்டையும் தாங்கும் போல்ட்டுகளைத் தொடாதீர்கள்.

தரையில் புதுத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், வயர்க்கற்றை எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன. துளைத்த இடத்தில் துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, அடியில் பெரிய வாஷர் போடுங்கள்.

10. வயரிங்

கணக்கு எளிது. 500 வாட் ஆர்எம்எஸ், கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறன், 13.8 வோல்ட் என்றால் உச்சத்தில் 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பின் சீட் வரை 5 மீட்டர் என்று வையுங்கள். 4 கேஜ் செம்புக் கேபிளில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு, 8 கேஜில் கிட்டத்தட்ட அரை வோல்ட் (கேஜ் எண் குறைந்தால் கேபிள் தடிமன்). 4 கேஜே போடுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு, தடை அதிகம். அதை வாங்கினால் ஒரு படி தடிமனாக எடுக்க வேண்டும், பிறகு மிச்சமும் பெரிதாக இருக்காது.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, கேபிள் உரசிக் கிழிந்தால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. இந்த உதாரணத்துக்கு 60 ஆம்பியர். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

எர்த் வயர் குட்டையாக, 50 செ.மீ.க்குள். பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள். பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பது பரவலான பழக்கம், ஆனால் தவறு. பவர் கேபிள் ஒரு பக்கக் கதவோரம் போனால் ஆர்சிஏ வயர் மறுபக்கம் போகட்டும், இல்லையென்றால் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஓர் ஊளை கேட்கும்.

ஓம் விஷயத்தில் வாங்கும் முன்பே தெளிவாக இருங்கள். இரட்டை 4 ஓம் சுருள் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உள்ள ஒரு ஸ்பீக்கரை இணையாகக் கொடுத்தால் 2 ஓம், தொடராகக் கொடுத்தால் 8. அதே மாதிரி இரண்டு ஸ்பீக்கரை முழுக்க இணையாகக் கொடுத்தால் 1 ஓம். ஆம்ப் 2 ஓமுக்குக் கீழே தாங்காது என்றால் அந்த இணைப்பு அதைக் கருக்கிவிடும். இரண்டு ஸ்பீக்கரும் ஆம்ப்பும் 2 ஓமில் சேர வேண்டுமானால் இரட்டை 2 ஓம் சுருள் மாடலை எடுத்து, ஒவ்வொன்றின் சுருள்களைத் தொடராகவும், இரு ஸ்பீக்கர்களை இணையாகவும் கொடுங்கள்.

ஆம்ப்பைப் பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் வைக்கலாம். பெட்டியின் மேலேயே திருகினால் அதிர்வு அதன் இணைப்புகளைத் தளர்த்தும், துளை வழியாகக் காற்றும் கசியும்.

11. கெயின் வைப்பது

கெயின் என்பது ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பை அமைக்கும் திருகு. அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்புவதால் எரிந்த சுருள்கள் ஏராளம். மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம், வால்யூம் முக்கால் பங்கு. 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஆம்ப்பின் முனைகளில் எத்தனை ஏசி வோல்ட் வர வேண்டும் என்பதற்கு வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். அந்த எண் வரும்வரை கெயினைத் திருப்பி, அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பீக்கர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் 500க்குக் குறைவு என்றால் அந்தக் குறைந்த வாட்டை வைத்துக் கணக்கிடுங்கள்.

லோ-பாஸ் (குறித்த அளவுக்கு மேலான ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பேஸ் பின்னால் தனியாக ஒலிப்பதுபோலத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். பழக்கமான பாட்டைப் போட்டு ஃபேஸ் சுவிட்சை (கோன் அசையும் திசையைத் தலைகீழாக்கும் சுவிட்ச்) இரு பக்கமும் தட்டிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் எந்தப் பக்கம் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுதான் சரியான பக்கம்.

இரண்டு மூன்று வாரம் ஓட்டிய பிறகு சீட்டைத் தூக்கி எல்-பிராக்கெட்டையும் ஸ்பீக்கர் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள், அதிர்வில் முதல் சில நாட்களிலேயே தளரும். கொஞ்ச நேரம் பாட்டு ஓடிய பின் ஃபியூஸ் ஹோல்டரையும் எர்த் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பு சரியாகக் கடிக்கவில்லை. வண்டியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, டெர்மினலைப் புதிதாக அழுத்திப் போடுங்கள்.